முன்வாசல் மணியை அடித்தவன்

செல்டர்ப்ரூக், மார்ச் 14, வெள்ளிக்கிழமை, மாலை மணி 4.10.
இதுவரை விலை கேட்ட வீடுகள்: பதினான்கு. கிடைத்தவை: பூஜ்யம்.

மதிப்புக்குரிய அலெய்ட் அத்தைக்கு, லெனார்ட் எழுதுவது. நீங்கள் நலமா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது, பூனை சாப்பிடுகிறதா என்றெல்லாம் முதலில் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும் என்று யோரிண்ட என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். கேட்டுவிட்டேன். இனி விஷயம். உங்கள் வீட்டு மேல்மாடி அறையைக் காலி செய்து வையுங்கள். செத்துப்போன மாமாவின் பொம்மை ரயில் பாதையைப் பிரித்து அட்டைப்பெட்டியில் போடுங்கள். நாங்கள் வருகிறோம். இரண்டு பேராக வருவோம், ஐந்து வாரத்தில் மூன்று பேராகிவிடுவோம். வீடு போய்விட்டது.

எப்படிப் போயிற்று என்பதை எழுதுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் சரி. இது உங்களால்தான் ஆயிற்று. எங்கள் ராட்டர்டாம் ஃபிளாட்டை ஏப்ரல் கடைசியில் இடிக்கப் போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தபோது, "கிராமத்துக்குப் போங்கடா, அமைதியா இருக்கும், பிள்ளை நல்ல காத்துல வளரும்" என்று சொன்னது நீங்கள். நாங்களும் போனோம். ஒவ்வொரு வார இறுதியும் ஒரு கிராமம். விற்பனை விளம்பர மொழியை எனக்கு இப்போது தாய்மொழி மாதிரி படிக்கத் தெரியும். 'அமைதியான சூழல்' என்றால் பஸ் கிடையாது. 'பழைமை மாறாத வீடு' என்றால் அம்பது வருஷமாக யாரும் ஆணிகூட அடிக்கவில்லை. 'கைவேலை தெரிந்தவர்களுக்கு ஏற்றது' என்றால் கூரை ஒழுகுகிறது. நான் கட்டடங்களுக்குச் சூடேற்றும் கருவி வடிவமைக்கிறவன், ஈரம் அளக்கிற மீட்டரைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறவன், என்னிடம் இந்த வார்த்தை ஜாலமெல்லாம் எடுபடாது; ஆனாலும் பதிமூன்று தடவை மூடிய உறையில் விலை எழுதிக் கொடுத்தோம், பதிமூன்று தடவையும் எங்களைவிட ஒரு படி மேலே எவனோ எழுதியிருந்தான். கடைசியில் யோரிண்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து, "எனக்கு ஈரமான வீடா இருந்தாலும் பரவாயில்ல, ஒழுகற வீடா இருந்தாலும் பரவாயில்ல, தரை மட்டத்துல ஒரு படுக்கையறை இருந்தாப் போதும்" என்றாள். அவள் அழுகிற ரகம் இல்லை. அன்று அழவும் இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் அக்டர்ஹுக் வட்டாரத்தில், இந்தச் செல்டர்ப்ரூக் கிராமத்து வீடு வந்தது. எவெர்ட் வெசலிங்க் என்பவருடையது. எண்பத்தாறு வயது, மனைவி இல்லை, மூன்று மாதமாகப் பக்கத்து டவுனில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கீழேயே படுக்கையறை. சுவர் ஈரம் ஏற்றுக்கொள்ளும் அளவு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவருடைய மகள் வில்மீன் போனில் கூப்பிட்டு, "அப்பா சரின்னுட்டார், வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுலயே வச்சுக் கையெழுத்துப் போட்டுடலாம், அவருக்கும் வீட்டைக் கடைசியா ஒரு தடவை பாத்த மாதிரி இருக்கும்" என்றார். யோரிண்ட அன்று ராத்திரி இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். நான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் அத்தை? "வீடு வாங்கறதுக்கு முந்தி அக்கம்பக்கத்துக்காரங்களைப் போய்ப் பாரு, கைகொடு, நல்லதனமா நாலு வார்த்தை பேசு. உனக்கு அது வராது, ஆனாலும் பேசு" என்றீர்கள். சொன்னீர்களா இல்லையா?

பேசினேன். புதன்கிழமை ஜன்னல் அளவெடுக்க வந்தவன் அப்படியே பக்கத்துப் பண்ணை வீட்டுக்குப் போனேன். ரீக் என்று ஒரு பெண்மணி, அவர் கணவர் டோன், நாற்பது மாடு. வீட்டுக்கு முன்னால் ஒரு கதவு இருந்தது, கதவில் ஒரு மணி இருந்தது. ராட்டர்டாமில் பிறந்த மனிதன் என்ன செய்வான்? அடித்தேன். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தேன். உள்ளே ஆள் நடமாடுகிற சத்தம் கேட்கிறது, ஆனால் கதவு திறக்கவில்லை. எனக்குத்தான் பொறுமை கிடையாதே, விரலை எடுக்காமல் அழுத்தினேன். "டோன்! முன்வாசல்! முன்வாசல் மணி அடிக்குது டோன்!" என்று உள்ளே ஒரு குரல் அலறியது. அப்புறம் ஏதோ பெரிய மர அலமாரியைத் தரையில் இழுக்கிற சத்தம். கதவு ஒரு சாண் திறந்தது. மாவு படிந்த கையோடு ரீக் நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் கண் கலங்கியிருந்தது. அதை நான் கவனித்தேன். வெங்காயம் என்று நினைத்தேன்.

அங்கே நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், எனக்கு ஞாபகசக்தி நல்லது, தவறு எங்கே என்று நீங்களே சொல்லுங்கள்.

"யாரு தம்பி?"

"லெனார்ட். பக்கத்து வீட்டு எவெர்ட் வெசலிங்க் விஷயமா வந்தேன்."

"கடவுளே. எவெர்ட்டா! எப்போ?"

"நேத்து சாயங்காலம். ஏழு மணிக்கு முடிஞ்சுது."

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"கொஞ்ச நேரம் இழுத்துக்கிட்டே இருந்தது. அப்புறம் சட்டுனு முடிஞ்சுருச்சு."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"மகள் இருந்தாங்க. அவங்கதான் எனக்குப் போன் பண்ணினாங்க."

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"தோட்டத்துக் கொட்டகையைத் தரமாட்டேன்னார். அப்புறம் அதையும் விட்டுட்டார்."

"எவெர்ட்டேதான்!" என்று சொல்லி ரீக் சமையல் ஏப்ரனில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு உணர்ச்சியோடு வீட்டு வியாபாரத்தை விசாரிக்கிற பக்கத்து வீட்டுக்காரி கிடைத்தாரே என்று எனக்கு ஒரே திருப்தி.

"நீங்க அவருக்கு என்ன வேணும் தம்பி?"

"உறவெல்லாம் இல்லைங்க. ஆனா இனிமே எல்லாம் என் பொறுப்பு."

"அப்படியா. சரி சரி. எப்ப எடுக்கறீங்க?"

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. வீட்டுலயே வச்சு."

"வீட்டுக்கே கொண்டுவர்றீங்களா? நல்லதாப் போச்சு. அவர் அதைத்தான் விரும்புவார்."

"மகள் கார்லயே கொண்டுவந்துருவாங்க. வந்தா பத்து நிமிஷ வேலை."

"பத்து நிமிஷமா!" ரீக்குக்கு முகம் சிவந்துவிட்டது. "எண்பத்தாறு வருஷம் இங்க இருந்த மனுஷனுக்குப் பத்து நிமிஷமா? காபி?"

"காபியெல்லாம் வேணாங்க."

"உனக்கு வேணாம்னா நீ குடிக்காதே. இந்த ஊர்ல காபி இல்லாம யாரையும் எடுக்கறதில்ல. அதை நாங்க பாத்துக்கறோம்."

கைகொடுத்தேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காரில் ஏறி, யோரிண்டவுக்குப் போன் போட்டு, "பக்கத்து வீட்டுக்காரங்க நல்லவங்க, கொஞ்சம் உணர்ச்சிவசப்படறாங்க, காபி தராங்களாம்" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. என் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததா?

இந்த ஊரில் முன்வாசல் எதற்கு என்று இன்று காலைதான் எனக்குத் தெரிந்தது. இங்கே யாரும் முன்வாசல் வழியாக வருவதில்லை. எல்லோரும் பின்பக்கமாக வந்து, தட்டாமல் கொள்ளாமல் சமையலறைக்குள் நுழைந்து, "இருக்கீங்களா?" என்பார்கள். முன்வாசல் கல்யாணப் பெண் வர, சவப்பெட்டி போக. நடுவில் அதற்கு வேறு வேலை கிடையாது, அதனால் அதற்குமுன் அலமாரியை நகர்த்தி வைத்துவிடுகிறார்கள். முன்வாசல் மணி அடித்தால் ரீக் வயதுக்கு அது கல்யாணமாக இருக்க வாய்ப்பில்லை. அதுவும் விரலை எடுக்காமல் அடித்தால்! அது மட்டுமில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு இங்கே நோபர் என்று பேர். அது ஏதோ அடுத்த வீட்டில் குடியிருக்கிறவன் என்கிற அர்த்தத்தில் இல்லை, ரத்தம் கலக்காத சொந்தம் மாதிரி. ஒரு வீட்டில் பிறப்போ சாவோ நடந்தால் முதல் நோபருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், அவர்தான் மற்ற வீடுகளுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், மணியடிக்க ஏற்பாடு செய்ய வேண்டும், பெட்டி தூக்க ஆள் வைக்க வேண்டும், ரொட்டி வெட்ட வேண்டும். எவெர்ட்டுக்கு முதல் நோபர் டோன், ரீக். நான் போய்ச் சரியாக அங்கேயே மணியடித்திருக்கிறேன். என்னைப் பிணம் எடுக்கிற கம்பெனி ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் கறுப்பு ஜாக்கெட்தான் போட்டிருந்தேன், எப்போதும் போல.

யாரும் சரிபார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். சரிபார்த்தார்கள் அத்தை, அதுதான் கொடுமை. டோன் தொப்பியை மாட்டிக்கொண்டு வீடு வீடாகச் சாவு சொல்லக் கிளம்பிய நேரத்தில் ரீக் முதியோர் இல்லத்துக்குப் போன் செய்திருக்கிறார். அங்கே ஒரு பெண் எடுத்து, "குடியிருப்போர் பற்றிய எந்தத் தகவலையும் உறவினர் அல்லாதவர்களுக்குத் தர எங்களுக்கு அனுமதி இல்லை" என்றாளாம். "அம்மா, நான் ஒண்ணும் பெருசாக் கேக்கல, இருக்காரா இல்லையான்னு மட்டும் சொல்லு" என்று ரீக் கேட்க, "அதையும் சொல்ல அனுமதி இல்லை, மன்னிக்கவும்" என்றாளாம். அந்த மன்னிக்கவும் என்பதைச் சொன்ன தொனியிலேயே ரீக்குக்கு உறுதியாகிவிட்டது. அப்புறம் வில்மீனுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "விஷயம் தெரிஞ்சுது, மனசு தாங்கல. வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம், நீ எதுக்கும் கவலைப்படாதே." வீடு கைமாறுவதை நினைத்து இவ்வளவு வருத்தப்படுகிறார்களே என்று வில்மீனுக்கு நெஞ்சு நெகிழ்ந்து, "ரொம்ப நன்றி ரீக், அப்பா சந்தோஷப்படுவார்" என்று பதில் போட்டார். ரீக் அதைக் காட்டிக் காட்டி ஊரையே அழவைத்திருக்கிறார்.

இன்று காலை. நாங்கள் பத்தே முக்காலுக்கு ஊருக்குள் நுழையும்போதே மாதாகோவில் மணி அடித்துக்கொண்டிருந்தது, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாக. "இதுதான் உங்க அத்தை சொன்ன அமைதியா?" என்று யோரிண்ட கேட்டாள். எவெர்ட் வீட்டு முன்னால் கார் நிறுத்த இடமில்லை. ஜன்னல் திரையெல்லாம் இழுத்துவிட்டிருந்தது. உள்ளே நீள மேஜை, வெள்ளை விரிப்பு, உலர்திராட்சை ரொட்டி அடுக்கடுக்காக, ஹாம் வைத்த பன், பெரிய பெரிய காபிக் கெட்டில்கள். கறுப்பு உடுப்பில் நாற்பது பேர். ஆறு ஆண்கள் சுவரோரமாகத் தனியே நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு ஆச்சரியம்தான், ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று என் கண்ணில் பட்டது. முன்கதவு அகலத் திறந்து கிடந்தது. வெளியே ஆறு டிகிரி. உள்ளே சூடேற்றி முழு வேகத்தில் ஓடுகிறது. நான் போய்க் கதவைச் சாத்தினேன்.

டோன் வந்து திறந்தார்.

நான் சாத்தினேன்.

"டேய் தம்பி, என்ன பண்ற நீ?"

"சூடு பூரா வெளிய போகுதுங்க."

"கதவைச் சாத்திட்டா அவர் எப்படி உள்ள வருவார்?"

"பின்பக்கமா வரட்டுமே. அங்கதான் சரிவுப் பாதை இருக்கு."

"பின்பக்கமா!" என்று நாற்பது பேரும் சேர்ந்து மூச்சை இழுத்தார்கள். ஒரு அம்மாள் உட்கார்ந்தே விட்டார். சுவரோரம் நின்ற ஆறு பேரில் ஒருவர், "எங்கிருந்துய்யா பிடிச்சாங்க இவனை?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுத் தரகர் உள்ளே வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இத்தனை பேரும் விலை கேக்க வந்தவங்களா?" என்று என் காதில் கேட்டார். நான் ஒப்பந்தக் காகிதத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். பதினைந்தாவது வீடு தேட என்னிடம் தெம்பு இல்லை அத்தை.

அப்போது வில்மீனின் கார் வந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஆறு பேரும் இரண்டு வரிசையாக வாசலுக்குப் போனார்கள். வில்மீன் இறங்கி, பின்கதவைத் திறந்து, முதலில் ஒரு நடைவண்டியை இறக்கினார். அப்புறம் அதைப் பிடித்துக்கொண்டு எவெர்ட் வெசலிங்க் இறங்கினார்.

உள்ளே ரீக் கையிலிருந்த காபிக் கெட்டில் விழுந்தது. எவெர்ட் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார், தாமும் தொப்பியைக் கழற்றினார்.

"யாருப்பா செத்தது?"

டோன்தான் தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு, "நீதான் எவெர்ட்" என்றார்.

"நானா? எப்போ?"

"செவ்வாக்கிழமை சாயங்காலம். ஏழு மணிக்கு."

"ஏழு மணிக்கு நான் வீட்டை வித்துக்கிட்டு இருந்தேனே."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிற்று. நான், "அதைத்தான் நானும் சொன்னேன்" என்றேன். அத்தை, உண்மையைச் சொல்வதற்கு அது சரியான தருணம் இல்லை என்று யோரிண்ட என் காலை மிதித்துச் சொன்னாள்.

ஆனால் இங்கேதான் விஷயம் என் கையை விட்டுப் போனது. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன், மன்னிப்புக் கேட்டிருப்பேன், அதைக்கூட எழுதி வைத்துப் படித்தாவது கேட்டிருப்பேன். கிழவர் கோபப்படவில்லை. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, "கதவு திறந்துதானே இருக்கு" என்று முன்வாசல் வழியாகவே உள்ளே வந்து, மேஜைத் தலைமாட்டில் உட்கார்ந்து, "செத்தது நான்தானே, எனக்கு முதல்ல ஊத்து ரீக்" என்றார். ரொட்டியில் வெண்ணெய் தடவினார். சுற்றிலும் பார்த்தார். மூன்று மாதமாக முதியோர் இல்லத்தில் அவரைப் பார்க்க ஊரிலிருந்து வந்தவர்கள் ஒருவர் இருவர்தானாம். இன்று நாற்பது பேர். "பேசறதுக்கு யாரும் எழுதிட்டு வரலையா?" என்று கேட்டார். டோன் எழுதி வந்திருந்தார். வேண்டாம் என்று பின்வாங்கினார். "படி. எனக்காக எழுதினதுதானே, நான் கேக்கக் கூடாதா?" டோன் எழுந்து நின்று படித்தார். எவெர்ட் நேர்மையானவர், உழைப்பாளி, நல்ல நோபர், இரவில் பசு கன்று போட்டால் கூப்பிடாமலே வருவார், ஆனால் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தராமலே போய்ச் சேர்ந்தார் என்று எழுதியிருந்தது. "ஏணி கொட்டகையில இருக்கு, எடுத்துக்கோடா கஞ்சப் பயலே" என்றார் எவெர்ட். எல்லோரும் சிரித்தார்கள், சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். ஒவ்வொருவராக எழுந்து அவரைப் பற்றி ஒன்று சொன்னார்கள். மணி பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. பன் தீர்ந்து மறுபடி வந்தது. யோரிண்டவை நடுவில் உட்காரவைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்து ஊட்டாத குறையாகத் தின்னக் கொடுத்தார்கள். எனக்கு யாரும் காபி தரவில்லை. வேண்டாம் என்று சொன்னவன் அல்லவா.

மூன்று மணிக்கு நான் பொறுக்க முடியாமல் காகிதத்தை மேஜையில் வைத்தேன். எவெர்ட் அதைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பேனாவைத் தள்ளிவிட்டார்.

"நான் விக்கல."

"அப்பா!" என்றார் வில்மீன்.

"இவ்வளவு பேர் எனக்கு இருக்காங்க. அங்க போய் எதுக்கு உக்காந்திருக்கேன்? திங்கக்கிழமை என் கட்டிலைக் கொண்டுவந்து போடுங்க."

நான் பேசினேன். பேசியிருக்கக் கூடாது. "ஐயா, உங்களுக்கு எண்பத்தாறு வயசு. குளியலறைப் படி வழுக்குது. பாய்லர் உங்களை விட மோசமான நிலையில இருக்கு. ஒரு குளிர்காலம் தாங்க மாட்டீங்க, ரெண்டு பேருமே" என்றேன். அத்தனையும் அளந்து பார்த்த உண்மை. "சாவு சொல்றதுல இவனுக்கு ஒரு ஆசை இருக்கு பாரு" என்றார் டோன். தரகரிடம் திரும்பி, போனில் சரி என்று சொன்னது சொன்னதுதானே என்றேன். வாய்ச்சொல் போதாது, கையெழுத்து விழாதவரை விற்கிறவர் விலகிக்கொள்ளலாம், சட்டம் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அவர் ஒரு ரொட்டித் துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

நான் யோரிண்டவைப் பார்த்தேன். அவள் அந்தக் கீழ்த்தளப் படுக்கையறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ போய்க் கார்ல உக்காரு. என்னால உடனே எழுந்திரிக்க முடியல, கால் வீங்கியிருக்கு" என்றாள். உட்கார்ந்திருக்கிறேன். காரில், ஸ்டியரிங்கில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எனக்கு ஒரு இயந்திரம் ஏன் ஓடவில்லை என்று கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். ஒரு மனிதர் செத்துப்போகாததால் வீடு கிடைக்கவில்லை என்றால் எந்தத் திருகாணியைக் கழற்றுவது? யாரைக் குறைசொல்வது? அவருக்கு இன்று நல்ல நாள். அதைக் கெடுக்கவும் மனசு வரவில்லை. அசதியாக இருக்கிறது அத்தை. இந்த ஊரும் வேண்டாம், இந்த வாசல்களும் வேண்டாம். ஒரே ஒரு கதவு உள்ள வீட்டில் இருந்துகொள்கிறோம், மேல்மாடியானாலும். உங்கள் படி செங்குத்து, அவளை எப்படி ஏற்றி இறக்குவது என்பதை நான் யோசித்துக்கொள்கிறேன், கயிறு ஏதாவது கட்டுகிறேன்.

உங்கள் முழங்காலுக்கும் பூனைக்கும் எங்கள் விசாரிப்புகள். எங்களுக்கு உங்கள் ஆசி வேண்டும். அதைவிட அவசரமாக அறை வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகன்,
லெனார்ட்

பி.கு. மணி 5.45. ரயில் பாதையில் கை வைக்காதீர்கள். வைத்திருந்தால் திரும்ப மாட்டிவிடுங்கள். மேலே எழுதியதில் நடந்தவை மட்டும் உண்மை, முடிவு செல்லாது.

நாலரைக்கு எல்லோரும் வீட்டிலிருந்து வெளியே வர ஆரம்பித்தார்கள். கூட்டம் கூட்டமாக, அவசர அவசரமாக. பால் கறக்கிற நேரம். உள்ளே நடந்ததை யோரிண்ட சொல்லித்தான் எழுதுகிறேன். எவெர்ட், "எங்க போறீங்க எல்லாரும்?" என்று கேட்டிருக்கிறார்.

"மாடு கத்தும் எவெர்ட்."

"அப்ப நாளைக்கு வாங்க."

"நாளைக்கா?" என்றாராம் டோன். "சாவுன்னாத்தான் நமக்கெல்லாம் லீவு. உசிரோட இருக்கறவனைப் பாக்க யாருக்குடா நேரம் இருக்கு?" கேலியாகத்தான் சொன்னார், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போயும் விட்டார். வில்மீன் பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய மேஜையில் எவெர்ட்டும் யோரிண்டவும் மட்டும். குளிர்சாதனப் பெட்டி ஒரு தடவை உறுமிவிட்டு நின்றது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. விளம்பரத்தில் போட்டிருந்த அதே அமைதி. எவெர்ட் ரொம்ப நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"பொண்ணே, இந்த வீடு எப்பவும் இப்படியேவா இருந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும் தாத்தா, நான் இன்னிக்குத்தானே வந்திருக்கேன்."

"என் பொண்டாட்டி போனதுலேருந்து இப்படித்தான். கூட்டத்தைப் பாத்ததும் மறந்துட்டேன்." அப்புறம் அவள் வயிற்றைக் காட்டி, "இது கத்துமா?" என்றாராம்.

"ராத்திரி பகலாக் கத்தும்னு சொல்றாங்க."

"நல்லது. வீட்டுக்கு அதுதான் வேணும். எனக்கு ஆகாது. பேனாவைக் கொடு." கையெழுத்துப் போட்டார், கொட்டகையும் சேர்த்து. போட்டதும் மகளை அவசரப்படுத்தினார். முதியோர் இல்லத்தில் ஆறு மணிக்குச் சீட்டாட்டமாம், தான் செத்துப்போன கதையை வேறு எவனாவது முந்திக்கொண்டு சொல்லிவிடப் போகிறான் என்று பயம். போகும்போது கார்க் கண்ணாடியைத் தட்டி, "தம்பி, அந்த பாய்லரை மாத்து. என்னைப் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கோ" என்றார். வாங்கிக்கொண்டேன்.

கெட்டிலை எடுக்க வந்த ரீக், காரின் முன்சீட்டில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, நோபர் ஆகிவிட்டவனுக்கு என்னென்ன கடமை என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே, இனி நான் செய்யப் போவது:

1. நாளைக் காலை, டோன் சாவு சொன்ன அத்தனை வீட்டுக்கும் போய், எவெர்ட் உயிரோடு இருக்கிறார் என்று சொல்வது. வந்து பார்த்தவர்களிடமும் சொல்ல வேண்டுமாம். முறை என்றால் முறையாம். பின்பக்கமாகப் போக வேண்டும், காபி கொடுத்தால் குடிக்க வேண்டும், எல்லா வீட்டிலும்.

2. வாங்குகிறவனுக்கு மனம் மாற மூன்று நாள் சட்டம் தருகிறது. அந்த மூன்று நாளும் போனை யோரிண்டவிடம் கொடுத்துவிடுவது. நான் யாரிடமும் எதையும் விளக்காமல் இருப்பது.

3. பாய்லர்.

4. பிரசவ வலி வந்தால் மருத்துவச்சியை அழைக்க டோன் போவார். நான் அவர் மாடுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு மாடு தெரியாது. தெரிந்துகொள்வது.

5. பிள்ளை பிறந்ததை நான் யாருக்கும் சொல்லக் கூடாது. ஆணா பெண்ணா என்றுகூட. ரீக்தான் சொல்வார். வழக்கமே அதுதான் என்றாலும், என் விஷயத்தில் ஊர் கூடித் தனியாக முடிவு செய்திருக்கிறார்களாம், நானும் ஒப்புக்கொண்டேன். ஆகவே அத்தை, உங்களுக்கும் செய்தி ரீக்கிடமிருந்துதான் வரும். போனை எடுத்ததும் அவர் அழுதால் பதறாதீர்கள். கடைசி வரை கேளுங்கள்.